சனிக்கிழமைக்குள் ஓடவேண்டிய வண்டி

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். தைக்க வேண்டிய பிளவுஸ் ஏழு. ஒன்றையும் தொடவில்லை.

பத்தரைக்கு ஷெட்டுக்குப் போய் எங்கள் பழைய காரின் உறையை எடுத்தேன். பதினோரு மாதத் தூசி. புது பேட்டரி நேற்றே மாட்டியாயிற்று. சாவியைத் திருப்பினேன். பிடித்துவிட்டது! சோக் கூட இழுக்கவில்லை. குளிர்ந்து கிடக்கிற பழைய வண்டிக்கு சோக் இழுத்தால்தான் உயிர் வரும் என்று என் வீட்டுக்காரர் எத்தனை தடவை சொல்லியிருப்பார். என் கை ராசிக்கு அதுவும் தேவைப்படவில்லை. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

ஐந்தே நிமிடம். பிறகு கரும்புகை. ஷெட் சுவரெல்லாம் கரி. தும்மிக்கொண்டே அணைந்தது. மறுபடி பிடிக்கவில்லை.

பின்வாங்காமலிருக்க எழுதி வைக்கிறேன்:

– அவர் மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு சனிக்கிழமை வருகிறார். இருபத்தொரு வருடம். இனி திரும்பப் போவதில்லை.

– ஞாயிறு, தக்கலையிலிருந்து ஒரு ஆள் வண்டி பார்க்க வருகிறார். பார்த்தால் கையோடு கொண்டுபோய்விடுவார். "ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்காக்கும் ஜெசி? வித்திரலாம்" என்று போனில் அவர்.

– ஓட்ட ஆள் நான். லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருடம். "டிரைவிங் ஸ்கூல்ல ஓட்டுகது ஒரு ஓட்டமா?" என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில்.

– ஆகவே சனி காலை திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு இதே வண்டியில் நானே போகிறேன். அவருக்குச் சொல்லப்போவதில்லை.

அவர் லீவில் வரும் ஒரு மாதம் ஓட்டம், மீதி பதினோரு மாதம் உறைக்குள். அப்படிக் கிடந்தது வண்டி மட்டுமில்லை. விற்க விடமாட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை, வெயில், மழை. மெக்கானிக் செல்வனுக்கு போன். நேரில் வர நேரமில்லையாம்.

"அக்கா, கரும்புகைன்னா பெட்ரோல் கூடுதலா போகுது. கார்புரேட்டர்ல சின்ன ஸ்குரூ ஒண்ணு கெடக்கும், மிக்சர் ஸ்குரூ. பைய உள்ள மூடுங்க. கால் சுத்து, கால் சுத்தா. முறுக்கிப் போட்டிராதீங்க, கேட்டியளா?"

கால் சுற்றா! தையல் மிஷின் பாபின் ஸ்குரூவை இருபது வருடமாக அரைக்கால் சுற்றாகத் திருப்புகிறவள் நான். நூலின் இறுக்கம் பிடிபட்ட கைக்கு இது பிடிபடாதா?

உதவிக்குப் பக்கத்து வீட்டு சுகந்தி. (இனி சு.) அவள் சீட்டில், நான் பானெட்டுக்குள். ஏர் ஃபில்டரின் வட்ட மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதை எடுத்தால் கார்புரேட்டரின் வாய் தெரிகிறது. வாயில் ஒரு தகடு. சு. சோக் குமிழை இழுத்தால் தகடு மூடுகிறது, தள்ளினால் திறக்கிறது. சோக் என்பது இவ்வளவுதான்! காற்றை அடைப்பது. காற்று குறைந்தால் பெட்ரோலின் பங்கு கூடும், குளிர்ந்த எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஏதோ மந்திரம் போல அவர் இழுத்துக் காட்டியதெல்லாம் இந்தத் தகட்டைத்தான்.

"ஏட்டி, இழுக்கட்டா, தள்ளட்டா? ஒண்ணச் சொல்லித் தொலை!" – சு.

மூடி திறந்திருந்தவரை அருமையாக ஓடியது. எல்லாம் மாட்டி மூடியைப் போட்டதும் கரும்புகை, அணைந்தது. ஸ்குரூவைக் கால் கால் சுற்றாக மூடினேன். இப்போது மூடியோடு நொண்டிக்கொண்டு ஓடுகிறது, திறந்தால் விக்கல். என்ன கணக்கு இது?

"ஒனக்கு இது சரிப்படாதுட்டி. டாக்சி சொல்லிரு" என்றாள் சு. கோபம் வந்தது. அவளுக்கு டீ கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தேன்.

ஜூன் 11, புதன்

விடாத மழை. பிளவுஸ் இரண்டு முடிந்தது. புது ஃபில்டர் வாங்கிப் போட்டேன். அதே புகை. பிளக் நான்கையும் துடைத்துப் போட்டேன். அதே புகை. தலைமுடியில் பெட்ரோல் வாசனை.

எல்லாம் தெரிந்த ஒரே மனிதர் மஸ்கட்டில். அவரிடம் மட்டும் கேட்க முடியாது. கேட்டால் குட்டு உடையும்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். பெட்டி கட்டுகிற கதை, எடை கூடிப்போன கதை. நடுவில் மெல்ல விட்டேன்: "அடுப்புல கரும்புகையா வருது. பாத்திரமெல்லாம் கரி."

"காத்து போதல்ல. பர்னருக்குக் கீழ காத்து எடுக்க ஒரு வாய் உண்டு, பாத்தியா? எட்டுகாலி கூடு வச்சிருக்கும். வெரல விட்டுப் பாரு."

காற்று எடுக்கிற வாய். நேற்று முழுக்கக் காற்றைப் பற்றித்தானே படித்தேன், மக்கு! மூடி திறந்தால் ஓடுகிறது, மூடினால் அணைகிறது என்றால் வேறென்ன அர்த்தம்? "சோறு பொங்குது, வைக்கேன்" என்று சொல்லி போனை வைத்தேன். குடை எடுக்கக்கூட நிற்காமல் ஷெட்டுக்கு ஓடினேன்.

ஏர் ஃபில்டரின் பக்கவாட்டில் யானைத் துதிக்கை போல ஒரு குழாய், வாய் கீழ்நோக்கி. விரலை விட்டேன். துணி. இழுக்க இழுக்க வந்தது. மஞ்சள். நான் தைத்த நைட்டியின் கை! போன வருடம் கொடியிலிருந்து காணாமற்போனது. சு. வீட்டு நாயைச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் அவளோடு பேசாமலிருந்தேன்.

உடனே விளங்கிவிட்டது. வண்டி சும்மா கிடக்கும் மாதங்களில் எலி உள்ளே போய்க் கூடு வைக்காமலிருக்க, மஸ்கட்டுக்குக் கிளம்பும் அன்று அவர் துணி திணித்துவிட்டுப் போவார். லீவில் வந்ததும் முதல் வேலையாக உருவிவிடுவார். அடைக்கிறவரும் திறக்கிறவரும் ஒரே ஆள். என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அந்தத் துணிதான் சோக் வேலையைப் பார்த்திருக்கிறது. என் கை ராசி அம்பேல்.

சிரித்தேன். பிறகு நல்ல கோபம் வந்தது. சனிக்கிழமை வரை திட்டக்கூட முடியாதே.

ஜூன் 12, வியாழன்

மழை விட்ட காலை. நல்ல குளிர். ஆறு மணிக்கே ஷெட்.

சோக் இழுக்காமல் சாவி: பிடிக்கவில்லை. எனக்கு அதிலேயே சந்தோஷம். ஒழுங்கான வண்டி அப்படித்தான் இருக்கும். சோக் முழுக்க இழுத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சாவி: மூன்றாம் தடவை பிடித்தது. கத்தியது. ஒரு நிமிடத்தில் பாதி தள்ளினேன். கொஞ்சம் கொஞ்சமாக முழுதும். தள்ளி முடித்ததும் செத்தது.

செத்தது என் குற்றம். ஸ்குரூவைத்தான் மூடி வைத்திருக்கிறேனே, பெட்ரோல் போதவில்லை. செல்வனுக்கு மறுபடி போன் செய்து, சொன்னபடி மெல்ல முழுக்க மூடி, இரண்டு சுற்று திறந்தேன். மறுபடி ஸ்டார்ட். எஞ்சின் சூடாகும்வரை காத்திருந்து, பிறகு இன்னும் கால் சுற்று திறந்தேன்: சத்தம் ஏறியது. இன்னொரு கால்: இன்னும் ஏறிச் சீரானது. இன்னொரு கால்: கனத்துத் தொய்ந்தது. ஒரு கால் திரும்பி வந்தேன். அதுதான் இடம்! கைக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரிந்தது. வேக ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி மூடியைப் போட்டேன். அணையவில்லை.

மூடிமேல் ஒரு நூற்கண்டை நிறுத்தி வைத்தேன். விழவில்லை. எஞ்சின் ஓடுகிறது, நூற்கண்டு நிற்கிறது. சு. தன் மாமியாரைக் கூப்பிட்ட கூப்பாடு தெருவுக்கே கேட்டது: "எம்மோ, இஞ்ச ஓடி வாருங்கோ! ஜெசிக்க வண்டி புகையில்லாம ஓடுது!"

டாக்சி பிடித்துத் தருவதாகச் சொல்லியிருந்த கொழுந்தனுக்கு போன் செய்து வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். வேறு வண்டி ஏற்பாடு ஆகிவிட்டது என்றேன். பொய்யில்லை.

ஜூன் 13, வெள்ளி

இராஜாக்கமங்கலம் வரை சோதனை ஓட்டம். சு. பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு. பாதி வழியில் வண்டி முக்கியது, பெட்ரோல் வாசனை, பின்னால் கரும்புகை. பயந்து ஓரம் கட்டினேன். எதிரே நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர்: "யக்கா, சோக்கத் தள்ளிட்டு ஓட்டுங்க!" தள்ள மறந்திருக்கிறேன். மானம் போயிற்று. தள்ளியதும் பறந்தது. திரும்பும்போது நாற்பதில் பாடிக்கொண்டே வந்தேன்.

பிளவுஸ் பாக்கி ஐந்து. கேட்டு வந்தவர்களுக்குத் திங்கள் தவணை. டேங்க் ஃபுல். பேடியாகவும் இருக்கிறது, அத்தனை தூரம் ஓட்ட பயம். நாளைக்கு மழை வேண்டாம் ஆண்டவரே.

ஜூன் 14, சனி

வீடு வந்தாயிற்று. அவர் குளிக்கிறார். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஆறரைக்குக் கிளம்பினேன். மழை. சோக் முழுக்க, பாதி, உள்ளே. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் முன்னால் லாரி நின்றது, நானும் ஏற்றத்திலேயே நின்றேன். அணையவில்லை! நெய்யாற்றின்கரை நெரிசலில் அரைமணி நேரம். அணையவில்லை.

அவர் தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். மெலிந்திருக்கிறார். என்னைப் பார்த்தார், டாக்சி எங்கே என்று பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார்.

"இது எப்படி இஞ்ச வந்து?"

"நான் கொண்டு வந்தேன்."

பெட்டிகளை ஏற்றினோம். நேரே டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்து கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. பழக்க தோஷம், சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலரேட்டரையும் நாலு மிதி மிதித்தார். சூடான எஞ்சின். ஒரே பெட்ரோல் நாற்றம். பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன்.

"சவம், இதான் விக்கணும்னு சொன்னேன்."

"சூடா நிக்க வண்டிக்கு எதுக்கு சோக்கு? எறங்குங்க."

இப்படி ஒரு குரலில் அவரிடம் நான் பேசியதே இல்லை. இறங்கினார். நான் சோக்கைத் தள்ளி, தேங்கிய பெட்ரோலைக் காற்று அடித்துப்போக ஆக்சிலரேட்டரை அடிவரை ஒரே மிதியாக மிதித்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். உறுமிக்கொண்டு பிடித்தது. அவர் சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தார். பாறசாலை வரைக்கும் என் காலையும் கையையுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே வைத்து அவர் போன் அடித்தது. தக்கலை ஆள்.

"இல்லண்ணே, நாளைக்கு வரண்டாம். வெலைக்கொண்ணும் இல்ல... வண்டி ஓட்டுகதுக்கு வீட்ல ஆளு உண்டு."

மழை எப்போதோ விட்டிருந்தது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கீச்சிட்டுக்கொண்டே வந்தது. எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை.