கோட்டைத் தாண்டிய பிறகு

ஆவூர்

அன்புள்ள ஷர்லி அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். அந்த வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். ஷர்லி ஜெயித்ததைச் சொல்லத்தான் போன் செய்தேன். பத்து வயதுப் பிள்ளை இனி ஓடவே கூடாது என்று பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே! அதனால் எழுதி, மஸ்கட் திரும்பும் சார்லஸ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

புதுக்கோட்டையில் காலையில் நூறு மீட்டர். நம் பிள்ளை கடைசிக்கு முந்தி. கூட ஓடிய பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் மேல்மூச்சு வாங்க, இவள் வந்ததும் வராததுமாகச் சேமியா ஐஸ் கேட்டாள். எனக்கு வந்ததே கோபம்! "ஓடுனியா, இல்ல அங்கிட்டு இங்கிட்டு வேடிக்கை பாத்தியா?" என்று எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். விளையாட்டு டீச்சர் பிரகதாம்பாள்தான், "புள்ளைய வையாதீங்க, அவ வயசு ஒடம்பு அப்படித்தாங்க" என்று தடுத்தார்.

வேகமாக ஓடும்போது, மூச்சில் வரும் ஆக்ஸிஜன் போதாமல் பெரியவர்களின் தசை சர்க்கரையை எரித்து அவசரச் சக்தி எடுக்குமாம். அதில் வேகம் வரும், காலும் சீக்கிரம் கடுத்துப்போகும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த அவசர வழி இன்னும் முழுதாக வளரவில்லை. பெரும்பாலும் ஆக்ஸிஜனை வைத்தே உடம்பு சமாளிக்கிறது. அதனால் பாய்ச்சல் குறைவு, ஆனால் சட்டென்று தேறிவிடுவார்கள் என்றார்.

மதியம் அறுநூறு மீட்டரில் அதைக் கண்ணால் பார்த்தேன். முதல் சுற்று முடிந்து கொஞ்ச நேரத்திலேயே இறுதிச் சுற்று. பெரிய பிள்ளைகள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஓடினாள் பாருங்கள், இரண்டாவதாக வந்துவிட்டாள்! நான் கத்திய கத்தலில் இரண்டு நாள் தொண்டை கட்டிவிட்டது. அடுத்த போட்டி திருச்சியில். நீங்கள் சரி என்று சொல்லாமல் அனுப்பமாட்டேன் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். ஷர்லி தினமும் என் முகத்தையே பார்க்கிறாள்.

டீச்சர் பேச்சை மட்டும் நம்பி எழுதவில்லை. ஷர்லியை டாக்டரிடம் காட்டி, ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்தேன். இதயம் நன்றாக இருக்கிறது, தாராளமாக ஓடட்டும் என்றார்.

போலீஸ் தேர்வில் ஓடி விழுந்த உங்கள் தம்பி ஃபிரெடி எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து நீங்கள் யார் ஓடுவதையும் பார்ப்பதில்லை. எனக்குத் தெரியாதா? ஷர்லி ஓடியதை எடுத்து நான் அனுப்பிய வீடியோவையும் இன்னும் திறக்கவில்லை. ஓட்டத்தைப் பார்க்கப் பயமாக இருந்தால் தள்ளிவிட்டுக் கடைசியை மட்டும் பாருங்கள். கோட்டைத் தாண்டி நம் பிள்ளை நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

மாதா உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உங்கள்
மரிய செல்வி