பொட்டு வைக்காத முகம்

இன்று காலை உன் படத்தை வரைந்து முடித்து, இங்க் காயட்டும் என்று தள்ளி வைத்துவிட்டுப் பார்க்கிறேன்: நெற்றியில் பொட்டு! பாவி மனுஷன் நான், உன் நெற்றியில் போய்ப் பொட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு வீட்டில் உனக்கு நினைவு ஜெபம். நாசரேத்திலிருந்து உன் சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் வருகிறார்கள். ஞானஸ்நானத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொடாத நெற்றி உன்னுடையது. மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, அம்மாவுக்கா?" என்றான்.

கைப்பழக்கம், வேறென்ன. எழுபதுகளில் மெட்ராஸ் வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதை, படம் போடச் சொல்லி எனக்குத் தபாலில் வரும். கதாநாயகி மாடியில் நின்று அழுகிறாள் என்று எழுதியிருப்பார்கள். தூத்துக்குடியில் எனக்கு மாடலாக யார் வந்து நிற்பார்கள்? நீதான் நிற்பாய். அடுப்பில் மீன்குழம்பு கொதிக்க, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாய். நான் முகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு பொட்டும் கொஞ்சம் பூவும் சேர்ப்பேன். பொட்டு இல்லாவிட்டால் வாசகர்கள் விதவை என்று நினைத்துவிடுவார்கள் என்று என் முதல் படத்தை ஆசிரியர் திருப்பி அனுப்பியதிலிருந்து அப்படித்தான். உப்புப் பாக்கெட், தீப்பெட்டி லேபிள், எங்கே பெண் முகம் கேட்டாலும் அது நீதான்.

ஞாயிறு ஆராதனைக்குப் போனபோது கோயிலில் உன் சித்தி உன்னைப் பிடித்துக்கொண்டாளே, நினைவிருக்கிறதா? "ஏளா, புஸ்தகத்துல பொட்டும் பூவுமா நிக்கியே, ஞானஸ்நானத்த எங்கன கொண்டு போட்ட?"

நீ அசரவே இல்லை. "அது நான் இல்ல சித்தி, ஜமீன்தார் மக. வாராவாரம் செத்துப் பொழைக்கா, பாவம். அவளுக்கு ஒரு நல்ல எடத்துல கல்யாணம் ஆகணும்னு ஜெபம் பண்ணுங்க."

சித்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாதிரியார் ஐயர் பிரசங்கத்துக்கு ஏறிய பிறகும் உன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

பிளேடை எடுத்துப் பொட்டைச் சுரண்டினேன். அப்போதும் அது நீயாக இல்லை. ஜமீன்தார் மகள் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பத்திரிகைக்காக நீட்டிய கண், பத்திரிகைக்காகச் சுருக்கிய உதடு. வாழ்நாளெல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்தவனுக்கு உன் முகம் தெரியாதா என்று ஆத்திரமாக வந்தது. அழுதேன். போட்டோவையே வைத்துவிடலாம் என்கிறான் மகன். போட்டோவிலும் நீ எனக்காக நிற்கிற மாதிரி தாடையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறாய்.

நீ யாராகவும் நிற்காத நேரம் எது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். துறைமுக ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தேனே, அன்றைக்கு. புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த சமயம். ஊரே அங்கே ஒரு வேலை கிடைக்காதா என்று அலைந்தது. நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "இனிமே படந்தான்" என்று வாசலில் நின்று சொன்னேன். மகன் கைக்குழந்தையாக உன் இடுப்பில் இருந்தான். உன் முகத்தில் பயம் வந்தது. குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாய். பிறகு கேட்டாய்: "சரி, சாப்பிட்டுட்டு உக்காருங்க. நான் எங்கன நிக்கணும்?"

எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் விழுந்தது. படம் திரும்பி வந்த வாரங்களிலும், வேலையே வராத மாதங்களிலும் அந்தப் பயத்தை நீ மறுபடி எனக்குக் காட்டவில்லை. எங்கே கொண்டுபோய் வைத்திருந்தாயோ.

நாளைக்கு வருகிறவர்களுக்குப் போட்டோ போதும். வாசலில் பயந்து நிற்கிற அந்த முகத்தை நான் வரையப்போவதில்லை. அது என்னிடமே இருக்கட்டும். தனியாக இருக்கும்போதெல்லாம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "பயப்படாதளா. எல்லாம் நடந்து முடிஞ்சிட்டு. நாம நல்லாத்தான் இருந்தோம்."