மூக்கும் ஜன்னலும்

மார்ச் 3, செவ்வாய்

இனி ஏணி ஏறக்கூடாதாம். டாக்டர் சொல்லிவிட்டார். பதினாறு வருஷமாக ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விட்டுக் கம்ப்யூட்டர் கேபிள் இழுத்தவளிடம் சொல்கிற பேச்சா இது? வீட்டில் பாதி அடுப்பு என் முழங்காலை நம்பித்தான் எரிகிறது.

இன்ஜினியர் மேடம் கொஞ்சம் யோசித்தார். "ஸ்விட்ச் ரூம்ல உக்காந்து பாக்குற வேலை ஒண்ணு இருக்குக்கா. போர்ட் மாத்தத் தெரியணும். இருபதாம் தேதி செஞ்சு காட்டுங்க, தரேன்."

செய்யத் தெரியாவிட்டால்?

மார்ச் 5, வியாழன்

பழகிக்கொள்ளப் பழைய ஸ்விட்ச் ஒன்று கொடுத்திருக்கிறார்: நான் இழுத்த கேபிளெல்லாம் போய்ச் சேரும் பெட்டி, அதில் ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். அதோடு இணைத்த கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை. பாஸ்வேர்டு அடித்தேன், ஓர் எழுத்துகூட விழவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று ஸ்டோரில் வேறு வாங்கி மாட்டினேன். அதுவும் செத்தது! மேடம் வந்து, "பாஸ்வேர்டு திரையில தெரியாதுக்கா, ரகசியமா வாங்கிக்கும்" என்றார். இனி என்னைக் கண்டால் ஸ்டோர்காரர் கதவைச் சாத்திவிடுவார்.

மார்ச் 8, ஞாயிறு

பெட்டியையும் கம்ப்யூட்டரையும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். இன்று புரிந்தது!

வரி முடிவில் > என்று நின்றால், அது மூக்கு; பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது. மோப்பம் பிடிக்கலாம், எதையும் மாற்ற முடியாது. எனேபிள் என்று அடித்து இரண்டாவது பாஸ்வேர்டைக் கொடுத்தால் # வரும். அது ஜன்னல் கம்பி. எல்லாம் தெரியும். கை வைக்க வேண்டுமென்றால் கான்ஃபிகர் டெர்மினல் என்று அடிக்க வேண்டும். அதற்கும் உள்ளே, இன்டர்ஃபேஸ் என்று போர்ட் நம்பரைச் சொல்ல வேண்டும். எந்த அறைக்குள் நிற்கிறேன் என்று ஜன்னலுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் அதுவே காட்டிவிடுகிறது.

வீட்டுக்காரருக்கு விளக்கினேன்.

"நம்ம வீட்ல நான் எந்த மோடுல இருக்கேன்?"

"மூக்குதான். இருபத்திமூணு வருஷமா."

மார்ச் 14, சனி

ரெண்டு மணி நேரம் பாடுபட்டு போர்ட்டெல்லாம் மாத்தினேன். சேமிக்காம பிளக்கைப் பிடுங்கிட்டேன். மொத்தமும் போச்சு! எட்டாவதோட நிறுத்தினவளுக்கு எதுக்கு இந்த ஆசை?

மார்ச் 15, ஞாயிறு

மறுபடி செய்தேன். சேமித்தேன். ஆசை இருக்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

பதினாலாம் போர்ட்டை வரவேற்பறை கம்ப்யூட்டர்களின் குழுவுக்கு மாற்ற வேண்டும். மேடம் ஒரு தாளில் இரண்டு பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்தார். முதலாவதை வாங்கிக்கொண்டது, மூக்கு வந்தது. இரண்டாவது — முடியாது என்றது. மறுபடியும். மறுபடியும். என் விரல்தான் தடுமாறுதா? நாலாவது தடவை ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டு அடித்தேன். முடியாது.

எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் நாலு தடவையும் என் விரலே தப்பு செய்யுமா? அப்படியென்றால் தாள் தப்பு. இன்ஜினியரிடமே சொல்வதா? சொன்னேன்.

"மேடம், மூக்கு வரைக்கும் விட்டுட்டு ஜன்னலை உள்ள தாழ் போட்டுட்டீங்க."

"என்னக்கா சொல்றீங்க?"

"முதல் பாஸ்வேர்டு சரி. ரெண்டாவது இந்தப் பெட்டியோடது இல்ல. என் விரல் மேல சத்தியம்."

தாளை வாங்கிப் பார்த்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, நேத்துதான் மாத்தினேன்! தாள்ல பழசையே எழுதிட்டேன்."

புதியதைச் சொன்னார். ஜன்னல் வந்தது. போர்ட்டை மாற்றி, சேமித்து, நிமிர்ந்தேன். அவர் பதினாலாம் போர்ட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 30, திங்கள்

முதல் மாடியில் இரண்டு போர்ட், நாலாம் மாடியில் ஐந்து மாற்றினேன். ஸ்விட்ச் ரூம் நாற்காலியை விட்டு எழவே இல்லை. சாயங்காலம் எழுந்தால் முழங்கால் சமர்த்தாக இருக்கிறது, இடுப்பு பிடித்துக்கொண்டது.