பால் கொடுத்தபடி நிமிர்ந்து பார்த்தவளுக்கு

நேற்று ஒரு புதுச் சுவருக்குப் பிரைமர் அடித்தேன். அது காய்வதற்கு முன் கிளம்புகிற நெடிக்கு மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். நீ மட்டும் பக்கத்தில் வந்து நின்று ஆழமாக இழுப்பாய். "வாயும் வயிறுமா இருந்தப்ப இந்த வாசத்துக்குத்தான்டி ஏங்குனேன். மாமியாகிட்டச் சொல்ல முடியுமா, மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிரும்" என்பாய். நேற்று அந்த நெடி தொண்டையில் இறங்கியதும் பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மோர் கொடுத்தனுப்பினார்.

இடம் உனக்குத் தெரிந்ததுதான், உன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ரோட்டைப் பார்த்த சுவரில் தாய்ப்பால், சுகப்பிரசவம் பற்றி மறுபடியும் படம் வேண்டுமாம். "முன்ன இருந்த மாதிரியே போட்ருங்கம்மா, ஜனங்க இன்னும் அதத்தான் சொல்றாங்க" என்றார் டாக்டரம்மா. அவர் மாற்றலாகி வந்தது போன வருஷம். அந்தப் படத்தில் இருந்தவள் யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், கூலிக்கு வந்த இடத்தில் அது நன்றாக இருக்காது.

முதல் படத்துக்கு அவர்கள் கொடுத்த மாதிரித் தாள் நினைவிருக்கிறதா? செக்கச்செவேல் என்று ஒருத்தி, கலையாத தலை, கழுத்து நிறைய நகை, மடியில் கொழுகொழுவென்று ஒரு பிள்ளை. அப்போது உன் மகளுக்கு இன்னும் தலை நிற்கவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தாளை நீ வாங்கிப் பார்த்தாய். "இவ பிள்ள பெத்தவளா? நகைக்கடை தொறக்க வந்தவ மாதிரில்ல இருக்கா" என்றாய். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்தே நான் வரைந்ததில் குற்றம் கண்டுபிடிப்பது உன் வேலை. நான் படித்த படிப்பை விட்டுச் சுவர் வரைய வந்தேன், நீ அவனியாபுரத்தில் லேத் பட்டறைக்காரரைக் கட்டிக்கொண்டு போனாய். குற்றம் சொல்கிற அந்த வேலையை மட்டும் நீ விடவில்லை.

அந்த வாரம்தான் ஷேர் ஆட்டோவில் அந்தச் சண்டை நடந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்துகொண்டிருந்தோம். பிள்ளை வீறிட்டாள், நீ பால் கொடுத்தாய். எதிரே இருந்த அம்மாள் முகத்தைச் சுளித்து, "மூடிக்கிட்டுக் குடுக்கக் கூடாதாத்தா, ஆம்பளைக இருக்காக" என்றார். நீ கோபப்படவில்லை. "மூடுனா பிள்ளைக்கு வேர்க்குதுக்கா. பாக்குறவுகளுக்கு ஒண்ணும் ஆயிறாது" என்றாய். இறங்கி நடக்கும்போதுதான் உனக்கு ஆற்றாமை பொங்கியது. "கோயில் தூணுல பிள்ள பெறுறவளக் கல்லுல செதுக்கி வச்சிருக்கு. அவ வயித்துல எண்ணெயத் தடவி, எனக்கும் சுகமாப் பெறணும்னு கும்பிட்டு வாராக. அதே பொம்பளதான்டி எனக்கு மூடச் சொல்லுது." பிறகு சட்டென்று நின்று, "நீ என்னைய வரை" என்றாய்.

உன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து வரைந்தோம். எல்லாப் படத்திலும் தாய் குனிந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாய். "குனிஞ்சா ஏதோ ஒளிச்சுக் குடுக்குற மாதிரி இருக்கு. நிமிந்து ரோட்டப் பாக்குற மாதிரி போடு. சிரிக்கவும் சொல்லாத, எனக்குத் தூக்கமில்ல." அதனால் உன் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பையும் சேர்த்தே வரைந்தேன். பக்கத்தில் பிரசவ வலியில் ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கிற ஒருத்தியையும், அவள் இடுப்பைத் தேய்த்துவிடுகிற ஒரு நர்ஸையும் போடச் சொன்னது நீதான். உனக்கு அப்படித்தான் நடந்தது. "ஊரே கேக்குற மாதிரி கத்துனேன்டி. அந்தம்மா கைய எடுக்கவே இல்ல. வலிக்கும்னு தெரியட்டும், வலிக்கும்போது கூட ஆள் இருக்கும்னும் தெரியட்டும்" என்றாய். அப்போது இருந்த டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

படம் வந்த பிறகு நடந்தது எனக்கே ஆச்சரியம்தான். மாதாந்திரச் சோதனைக்கு வருகிற பெண்கள் ஜன்னல் கம்பி பிடித்து நிற்பவளின் வயிற்றைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் மினுங்கத் தொடங்கியது. ஒருநாள் நீ போன் செய்தாய், குரல் ஒரு மாதிரி இருந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், அவசரப்படாமல் பால் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். "நான் அவள நேரா கடந்து போனேன்டி. படத்துல இருக்குறது நான்தான்னு அவளுக்குத் தெரியல. எனக்கு அம்புட்டுச் சந்தோசம்" என்றாய். அன்றைக்கு நான் வாழ்க்கையில் உருப்படியாக ஒன்று செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பொட்டு விஷயம் அதற்குப் பிறகு வந்தது. சுவரில் இருந்த பிள்ளையின் கன்னத்தில் யாரோ கருப்பாகத் தீற்றியிருந்தார்கள். எந்தக் காவாலியின் வேலையோ என்று திட்டிக்கொண்டே துடைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் இருந்தது. உன்னிடம் சொன்னபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "என் மாமியா வேலைடி. ஊரே பாக்குற எடத்துல பேத்தி பால் குடிக்கிறா, கண்ணு பட்டுரும்னு கண்மைய எடுத்துட்டுப் போயி வச்சிட்டு வருது." திருவாதவூர்ப் பக்கம் வயலில் நின்ற மனுஷி. படம் வரைந்ததில் அவருக்கு விருப்பமே இல்லை, ஆனால் உன்னிடம் தடுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதன் பிறகு நான் அந்தப் பொட்டைத் துடைக்கவில்லை.

உனக்கு மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழாநெல்லி, மோர்சோறு, சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்ன பேச்சுதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் முற்றிவிட்டது. வார்டில் உன் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அத்தனை மஞ்சள். உன் மகளுக்கு அப்போதுதான் பேச்சு தெளிந்திருந்தது. அவளை உள்ளே விடவில்லை. நீ அவளைக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தாய்.

உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு, பெண்கள் குளித்துக்கொண்டிருந்தபோது, உன் மாமியார் ஈரத் தலையோடு வந்து என் கையைப் பிடித்தார். உன்னை வரைந்ததற்காக வையப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வையவில்லை. "பிள்ளைக்குத்தான் தாயி பொட்டு வச்சேன். ஒவ்வொரு வெள்ளியும் வச்சேன். பக்கத்துல இவ மொகமும் இருக்கே, இவளுக்கும் ஒண்ணு வைக்கணும்னு எனக்குத் தோணலையே" என்றார். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், கண்ணேறால் யாருக்கும் காமாலை வராது என்றேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. "அதை அழிச்சிரு தாயி. அவ அங்க இருக்குறத நான் எப்படிப் பாத்துட்டுப் போவேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் அழிக்கவில்லை. சுவர் என்னுடையது இல்லை என்று சொல்லித் தப்பித்தேன். உண்மையில் பிள்ளைக்காகத்தான் விட்டுவைத்தேன். நீ அவளைப் பெற்று மடியில் போட்டுப் பால் கொடுத்ததற்கு அவளிடம் வேறு சாட்சி என்ன இருக்கிறது? உன் போனில் முழுக்க அவள் படம்தான், உன் படம் இல்லை. வளர்ந்து ஒருநாள் அவளாகவே அந்தச் சுவர் முன்னால் வந்து நிற்கட்டும் என்றிருந்தேன். ஆனால் உன் வீட்டில் அந்த ரோட்டையே விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குக்கூட அவளைச் சுற்றித்தான் கூட்டிப்போனார்கள்.

பழைய கட்டடத்தை இடிக்கப்போவதாகத் தெரிந்ததும் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "தங்கச்சி, நாளைக்கு இடிக்கிறாகளாம். பாப்பாவ ஒருக்கா கூட்டிட்டு வாரேன். நீயும் வந்தாத் தேவல, எனக்குத் தனியா முடியாது." உன் மாமியார் வரவில்லை. ஆனால் தலை சீவி, இருப்பதில் நல்ல கவுனைப் போட்டு அனுப்பியிருந்தார்.

உன் மகள் உன் சாயல்தான், நெற்றி மட்டும் அவள் அப்பா. சுவர் முன்னால் வெகு நேரம் நின்றாள். உன்னைத் தொடவில்லை, மடியில் கிடந்த தன்னைத்தான் தொட்டுப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "அம்மா ஏன் என்னையப் பாக்காம ரோட்டப் பாக்குறாங்க?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மாடியில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க நீ அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்க்கிறேன் என்று வீறாப்பாகச் சொன்னாயே தவிர, உன்னால் முடியவில்லை. நான் கூப்பிடுவேன், நிமிர்வாய், கண்ணை வரைவதற்குள் மறுபடி குனிந்துவிடுவாய். "உன்னையத்தான் பாப்பா, உங்கம்மா பாத்துக்கிட்டே இருந்தா. நான்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள நிமிர வச்சேன்" என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பித்தான் சொன்னேன்.

அவள் யோசித்தாள். "ஏன் அத்தை கூப்பிட்டீங்க?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஷேர் ஆட்டோவையும் கோயில் தூணையும் அந்தப் பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்வேன்? அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன், அவ்வளவுதான். மறுநாள் சுவர் போனது.

அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். நீ கேட்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் கேட்டதும் சரிதானே. நாளைக் காலையில் புதுச் சுவரில் படத்துக்குக் கரிக்கோடு போட வேண்டும். முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்பதற்கு, உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லையடி.