ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு

அவிநாசிபாளையம்
9.6.2025

மதிப்பிற்குரிய அன்புசெல்வி டீச்சருக்கு,

கீர்த்தனாவின் அம்மா நதியா எழுதிக்கொள்வது. பால்வாடி திறக்கும் முன்பே பனியன் கம்பெனி வேன் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு ராக்கம்மாள் அக்காதான் அவளைக் கொண்டுவந்து விடுகிறார். அதனால்தான் பையில் கடிதம் வைக்கிறேன். நாலு வயதாகியும் 'அ' எழுதத் தெரியவில்லை. கேட்டால் விளையாடினேன் என்கிறாள். விளையாடுவதற்கா உங்களிடம் விடுகிறேன்? கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்.

இப்படிக்கு,
நதியா

10.6.2025

அன்புள்ள நதியாவுக்கு,

இந்த வயதில் விளையாட்டுதான் படிப்பு. கீர்த்தனா வேஸ்ட் பட்டன்களை நிறம் பிரித்து இருபதுவரை எண்ணுகிறாள். படிப்பில் குறையில்லை. வேறொன்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தினமும் ஒரு பொம்மையை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடுகிறாள். கூடவே ஒரு பிஸ்கட், ஒரு காலி டப்பா. "ஒண்ணுக்கு வந்தா இதுல போ" என்கிறாள். இதற்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு என்று பெயராம். நேற்று நானும் தரையில் உட்கார்ந்து, "ஏன் கண்ணு, பாப்பாவத் தொறந்து உட்டர்லாமா?" என்றேன். சட்டென்று என் வாயைப் பொத்தினாள். "சத்தம் போடாத. ஓனர் கேட்டா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாரு."

ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கே இருக்கிறாள், நதியா?

அன்புடன்,
அன்புசெல்வி

12.6.2025

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஆமாம், பூட்டிவிட்டுத்தான் போகிறேன். ஞாயிறு ஓவர்டைமுக்குப் போகாவிட்டால் திங்கட்கிழமை கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அவள் அப்பா லாரியோடு வடக்கே போனால் இருபது நாள். ராக்கம்மாள் அக்காவுக்கும் ஞாயிறு வேலை. வெளியே விட்டால் லாரி ஓடும் தாராபுரம் ரோடு. நான் என்னதான் செய்வது?

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சொன்னால் நாளை முதல் அனுப்ப மாட்டேன்.

நதியா

13.6.2025

அன்புள்ள நதியாவுக்கு,

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே தீப்பிடித்தால் யார் திறப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிறு முழுக்க என் வீட்டில் விடுங்கள். நம்பிக்கை வராவிட்டால், இந்த ஒரு ஞாயிறு லீவு போட்டு அவளோடு விளையாடிப் பாருங்கள். அவள் சொல்கிறபடி நடியுங்கள், திருத்தாதீர்கள். அதுவும் முடியாதென்றால் திங்கட்கிழமை நானே நேரில் வருவேன்.

அன்புசெல்வி

16.6.2025

அன்புள்ள டீச்சருக்கு,

நேற்று லீவு போட்டேன். என்ன விளையாடலாம் என்று அவளையே கேட்டேன். என்னை உள்ளே உட்காரவைத்து ஒரு பிஸ்கட் தந்தாள். வெளியே போய் வாளியைக் கவிழ்த்து ஏறித் தாழ்ப்பாளைப் போட்டாள். கம்பெனிக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். நான் சிரித்தேன்.

அப்புறம் காலடிச் சத்தம் ரோட்டுப் பக்கம் போனது. லாரி ஹாரன் கேட்டது. கதவை இடித்துக் கத்தினேன். எங்கள் லைன் வீட்டு வரிசையில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள், யாரும் வரவில்லை. பத்து நிமிடம் இருக்கும். செத்துவிடுவேன் போல இருந்தது, டீச்சர்.

அவளே வந்து திறந்தாள். என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழுதியாம்மா? நானும் மொதல்ல அழுதேன். போகப் போகப் பழகிரும்மா."

வருகிற ஞாயிறு எத்தனை மணிக்கு அவளை உங்கள் வீட்டுக்குக் கூட்டி வரட்டும்?

நதியா