பதினொரு மீட்டர்

மார்ச் 4
தீவில் ஆறாம் நாள். பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாத காடு. கருவி வழியே ஒரு நேர்க்கோடு பார்க்க அரை நாள் கிளை வெட்டுகிறோம். கரையோரம் பதினேழு வீடுகள். கடல் மட்டத்திலிருந்து மூன்று மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்குத்தான் கடல் தடுப்புச் சுவர். அதை எங்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வீடுகள் இருக்கும் தரையை அளந்தேன்: ஒன்றேகால் மீட்டர்.

மார்ச் 7
விமானப்படங்களை வைத்து அலுவலகம் வரைந்த வரைபடம் போனில் வந்தது. வீடுகள் இருக்குமிடம் பதினொரு மீட்டராம்! மர உச்சியைத் தரை என்று எடுத்திருக்கிறார்கள்.
எங்களை ஏற்றிவந்த தீவுப் படகுக்காரரின் மனைவியிடம் சொன்னேன்.
"அப்போ நாங்கல்லாம் குரங்கா? மரத்து மேலயா குடும்பம் நடத்துறோம்?" விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "சுவர் வந்துரும்ல, தங்கச்சி?"
வரும் என்றேன். எதை நம்பிச் சொன்னேன்?

மார்ச் 19
அலுவலகம் திரும்பியாயிற்று. மேலதிகாரி என் அளவு நோட்டைத் திறக்கவே இல்லை. "ஒரு இடத்துல திருத்தினா தீவு முழுக்கத் திருத்தணும்மா. காட்டை மறுபடி யாரு அளக்குறது, நீயா?"
"அளக்குறேன் சார்."
பக்கத்து மேசைக்காரர் இருமுவதுபோல் சிரித்தார்.

மார்ச் 20
போனில் அம்மா: "வேலை நிரந்தரமாகுற வரைக்கும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருடி."

மார்ச் 26
'களத்தில் சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் என் கையெழுத்து இல்லாமல் வரைபடம் அச்சுக்குப் போகாது. மூன்று பக்கக் கடிதம் கொடுத்தேன். கோப்பில் வைத்தார்கள். ஊதுற சங்கை ஊதியாச்சு, இனி விடிஞ்சா என்ன, விடியாட்டி என்ன — இல்லை. இந்தச் சமாதானம் பொய். கையெழுத்தைப் போட்டுட்டேன். வழக்கம்போல அழகா விழுந்துச்சு. அதுதான் தாங்கல.

ஏப்ரல் 2
ஒன்றுமில்லை.

ஜூலை 15
தீவுக்காரர்கள் போட்ட சுவர் மனு தள்ளுபடி. காரணம்: மேட்டு நிலம். படகுக்காரர் கூப்பிட்டு எனக்கே ஆறுதல் சொன்னார். "விடு தங்கச்சி, நீ ஒருத்தி என்ன பண்ணுவ?" கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 30
புயலில் கடல் தீவின் வீடுகளுக்குள் ஏறிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. எல்லோரையும் இக்கரைக்குக் கொண்டுவந்து ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். வாசல்வரை போனேன். திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 9
வேலை நிரந்தரம். அம்மா அழுதாள், சந்தோஷத்தில். மதியம் அந்தத் தீவின் வரைபடத் தாள் என் மேசைக்கு வந்தது. ஒரே திருத்தம்: 'குடியிருப்பு இல்லை. பதினேழு வீடுகளையும் நீக்கவும்.' நீக்கினேன். வீட்டுக் குறிகளின் நெருக்கம் குறைந்ததில், பதினொன்று என்ற எண்ணை இப்போது நன்றாகப் படிக்க முடிகிறது.