அரை முந்திரியைத் தின்ற பதிவுமண்டபம்

ஆறு வற்றாத மருதங்கா நாட்டு வேந்தர், அடைக்கலம் என்று வந்தாரை அகலவிடாத பெருமகனார், நெடுவேல் மாறர் திருவாணைப்படி, அமைச்சர் ஏனாதி நக்கனார் சொல்ல ஓலைநாயகம் எழுதியது. மேலூர்ப் பதிவுமண்டபத் தலைவர் பெருந்தேவ அரையர் காண்க. உம் குடியும் உம் ஊரும் நலமாக இருக்கட்டும். உம் மண்டபம் நலமாக இல்லை என்று சொல்லவே இவ்வோலை.

பேரேரியின் ஒரு நாள் நீரில் எந்த வயலுக்கு எத்தனை பங்கு என்பது உம் மண்டபத்தில் பதியப்படுகிறது. மதகுக் காவலர் அதைக் கூட்டிப் பார்த்தே ஊர்தோறும் மடை திறக்கின்றனர். மணற்குடியில் நூற்றறுபது சிறு வயல்கள். வயலுக்கு அரை முந்திரி, அதாவது அறுநூற்று நாற்பதில் ஒரு பங்கு. எல்லாம் கூடினால் நாளின் நீரில் கால்வாசி. இப்பருவத்தில் அவ்வூருக்கு ஒரு துளியும் திறக்கவில்லை. சேந்தி என்னும் உழத்தி, காய்ந்த நாற்றில் ஒரு பிடி கொணர்ந்து அமைச்சர் முன் வைத்து, தன் ஊர் எங்கே தொலைந்தது என்று கேட்டாள். அமைச்சருக்கு வெட்கமாக இருந்தது.

உம்மைக் கேட்டதற்கு, எம் மண்டபத்தில் அடங்காத எண் உலகிலேயே இல்லை என்று மார்தட்டி மறுமொழி விடுத்தீர். அதைப் படித்து அமைச்சர் சிரித்தார். சிரித்து முடித்ததும் சோதித்தார். தம் கையால் எண்களை எழுதி வைத்துக்கொண்டு, முகமறியாத ஆட்கள் மூலம் அவற்றை உம்மிடம் பதிவித்து, மறுநாள் திரும்பப் பெற்று ஒப்பிட்டார். எண்பதில் ஒன்றாகிய காணி போனபடி வந்தது. முந்திரியும் வந்தது. ஒன்றரை முந்திரி ஒரு முந்திரியாக இளைத்து வந்தது. அரை முந்திரி வரவே இல்லை. பெரிய எண்ணையும் அவர் விடவில்லை: பதினோரு கோடி கொடுத்தார், ஒரு கோடி கிடைத்தது. உம் எண்பலகையில் இலக்கத்துக்கு ஒன்றாக எட்டே குழிகளாம்; ஒன்பதாம் இலக்கத்துக்கு இடமில்லையாம். பத்துக் கோடியை விழுங்கிய உம் கணக்கர் ஏப்பம்கூட விடவில்லை.

முந்திரிக்குக் கீழ்ப்பட்டது தூசு, அதைத் தட்டிவிடுவது எம் மண்டப வழக்கம் என்று உம் கணக்கர் பெருமையாகவே கூறினராம். அரையரே, குழி குறைவாக இருப்பது குற்றமன்று. எப்பானைக்கும் விளிம்பு உண்டு. கொள்ளாததைக் கொள்ளாது என்று திருப்பித் தராமல், தலையாட்டி வாங்கிக்கொண்டு கொட்டிவிட்டீரே, அதுதான் குற்றம். நீர் தட்டிய தூசில்தான் நூற்றறுபது அடுப்புகள் எரிந்தன.

ஆகையால் ஆணை. இன்றே மணற்குடி மடையைக் கால் நாள் திறக்கச் சொல்லிவிட்டோம். உம் ஏட்டைக் கேட்கவில்லை. உம் பலகை எதுவரை தாங்கும், எதற்குக் கீழ் தாங்காது என்பதை அமைச்சர் சோதித்துக் கண்டவாறே கல்லில் வெட்டி மண்டப வாயிலில் நாட்டுக. கல் நின்றபின் அதில் அடங்காத எண்ணை எவரும் வாங்கலாகாது. கல் நாட்டப்படும்வரை, உம் மாந்தோப்புக்குரிய நீர்ப்பங்கும் அரை அரை முந்திரியாகப் பிரித்து உம் மண்டபத்திலேயே பதியப்படும்.

மீன் முத்திரை இட்டோம். இவ்வோலையில் கண்டவாறு செய்க.